பாடவேளையா, கூரையா, சோலாரா, மரமா? பள்ளிக்காக மனு எழுதக் கிளம்பியிருக்கும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு

"நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் பண்ணலாம்னு இருக்கறமுங்ண்ணா. காலநிலை மாற்றத்தைப் பாடமா வெக்கச் சொல்லிக் கேக்கறதுங்களா, இல்லீன்னா கட்டடத்தப் பசுமையா மாத்தச் சொல்லிக் கேக்கறதுங்களா?"

காங்கேயம், கோபி, திருச்செங்கோடு என்று ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றாகத்தான் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிப்பவர்கள். கூடவே பிளஸ் ஒன் படிக்கும் தம்பி தங்கைகள் நாலைந்து பேர். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கல்வியாண்டு அவகாசம், கையில் காசு கிடையாது.

எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஆறு கோரிக்கை உள்ள மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஒற்றைக் கோரிக்கைக்கு அப்படி எழுதுவது சிரமம். எந்த அலுவலகம், எவ்வளவு பணம், எந்த மாதம் என்று அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். ஆகவே முதலில் எதைக் கேட்பது என்பதுதான் விஷயம். பேசப்படுகிற வழிகள் நான்கு: காலநிலைக்கு ஒரு பாடவேளை, கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சோலார், மரம்.

## கோரிக்கை பிறந்த ஊரும் நம் ஊரும்

பிரிட்டனில் 2019-ல் மாணவர்கள் 'டீச் தி ஃபியூச்சர்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். காலநிலை மாற்றத்தை எல்லாப் பாடங்களோடும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும், கல்விக்கூடக் கட்டடங்களின் கரியுமிழ்வை, அதாவது கார்பன் வெளியீட்டை, இல்லாமல் செய்ய வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகவே கேட்டார்கள். மாணவர்கள் எழுதிய காலநிலைக் கல்வி மசோதாவை 2021 நவம்பரில் நாடியா விட்டோம் என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தார். அது சட்டமாகவில்லை. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் கையிலிருந்து ஒரு மசோதா அவை வரைக்கும் போனது சாதாரண விஷயமில்லை. நம் பிள்ளைகள் கையில் பிடிக்கும் பதாகைகளில் பாதி அந்த வகையறாதான்.

ஆனால் அங்கே கட்டடத்தின் பிரச்சினை குளிர். பள்ளியைச் சூடாக வைத்திருக்க கேஸ் பாய்லர் எரிகிறது. அதை மாற்று, சுவருக்குக் காப்பு போடு, கரியைக் குறை என்கிறார்கள். பெருந்துறைப் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மின்சாரம் எங்கே போகிறது? அறைக்கு நாலு ஃபேன், ரெண்டு டியூப்லைட், தொட்டிக்குத் தண்ணி ஏற்ற ஒரு மோட்டார். அந்தப் பள்ளியில் குறைப்பதற்குக் கரி பெரிதாக ஒன்றும் இல்லை. குறைக்க வேண்டியது சூடு.

அந்தச் சூடு விளையாட்டில்லை. 2023-ல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு ஜூன் 1-லிருந்து இரண்டு முறை தள்ளிப்போய், 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு ஜூன் 12 ஆனது, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14. 2024-லும் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆயிற்று. ஈரோடும் கரூர் பரமத்தியும் சேலமும் கோடைக்காலத்தில் மாநில வெப்பப் பட்டியலின் மேல்வரிசையை விட்டு இறங்குவதே இல்லை.

அதனால் 'எது எவ்வளவு கரியைக் குறைக்கும்' என்ற அளவுகோலை நான் முதலில் வைக்கப் போவதில்லை. சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: மத்தியானம் ரெண்டரை மணிக்கு வகுப்பறையில் என்ன மாறும்? மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது, யார் கையெழுத்து வேண்டும்? தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையும் பொதுப்பணித் துறையும் வரும். தலைமையாசிரியர் சரி என்று சொன்னாலும் கூரை மேல் கை வைக்க அவருக்குத் தனி அதிகாரம் கிடையாது.

மூன்றாவது, முதல் செலவு அல்ல, ஐந்தாவது வருடச் செலவு. நான்காவது, ஆள் மாறினாலும் நிற்குமா? நீங்கள் வேலைக்கு பெங்களூரு போய்விடுவீர்கள். தம்பி தங்கைகள் பாஸாகிப் போய்விடுவார்கள். கலந்தாய்வில் தலைமையாசிரியர் மாற்றலாகிவிடுவார். புதிதாக வருபவருக்கு இது 'முன்னாடி இருந்தவர் இழுத்து விட்டது'.

கடைசியாக, இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

## கூரையை வெள்ளையாக்குவது

முதலில் என்ன கூரை என்று பாருங்கள். பழைய சீமை ஓட்டுக் கட்டடமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; ஓட்டு இடுக்கில் காற்றுப் போகும், உயரமும் இருக்கும், உடைந்த ஓட்டை மாற்றினாலே போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகர ஷீட்டோ வெயில் ஏறிய சற்று நேரத்திலேயே சூட்டை உள்ளே இறக்கிவிடும். கான்கிரீட் வேறு மாதிரி. காலை முழுக்க வெயிலைக் குடித்த ஸ்லாப், சாப்பாட்டு மணிக்குப் பிறகுதான் அதை உள்ளே விடத் தொடங்கும். ஐந்தாவது பாடவேளையில் பிள்ளைகள் தூங்கி வழிவதற்குச் சத்துணவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த நேரத்தில் ஃபேனைக் கூட்டி வைத்தால் மேலே இருக்கும் சூட்டுக் காற்றுதான் தலையில் இறங்கும்.

வெள்ளைப் பூச்சு என்ன செய்யும்? சூட்டை ஸ்லாப்புக்குள் போகவிடாமல் வெளியிலேயே திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு மேலே விழும் வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பிவிடும். உள்ளே பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாகச் சொல்கிறார்கள். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மனுவோடு இணைக்க அது ஒரு நல்ல சான்று.

நான் கூரையை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், இதைப் பிள்ளைகளே அளந்து காட்ட முடியும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பல பள்ளி அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. ஏப்ரல் மத்தியானத்தில் அதை சீலிங்கை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். எண் வராது, 'ஹை' என்றுதான் காட்டும். உடம்புச் சூட்டுக்காகச் செய்தது அது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. ஏ.சி. மெக்கானிக் யாரிடமாவது தொழிற்சாலை வகை வெப்பமானித் துப்பாக்கி இருக்கும், இரவல் கேளுங்கள். சுவரில் மாட்ட ரெண்டு சாதாரண அறை வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து அறைகள் ரெண்டு, ஒரே கூரை, ஒரே திசை. ஒன்றுக்கு மட்டும் வெள்ளை அடியுங்கள். பதினொரு மணிக்கும் ரெண்டரைக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பக்க நோட்டில் குறிக்கட்டும். கதிர்வீச்சு, வெப்பக் கடத்தல், வெப்பக் கொள்ளளவு எல்லாம் அந்த நோட்டுக்குள் வந்துவிடும். காலநிலைப் பாடம் தனியாக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இந்த நோட்டைத்தான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். ஒழுகும் கூரையில் பெயின்ட் அடித்தால் ஒழுகல் நிற்காது. அடுத்த ஐப்பசி மழையில் 'அந்தப் பசங்க பெயின்ட் அடிச்சதுலதான் ஒழுகுது' என்ற பேர்தான் மிஞ்சும். முதலில் விரிசல் பார்த்து வாட்டர் ப்ரூஃபிங் செய்ய வேண்டும். சில இடங்களில் அதுவே பூச்சை விடக் கூடுதலாக ஆகிவிடும். அடுத்தது தூசு. ஸ்பின்னிங் மில் பக்கத்திலிருந்தால் பஞ்சு, செங்கல் சூளை பக்கத்திலிருந்தால் புகை, மற்ற இடத்தில் செம்மண். வெள்ளை மங்கினால் பலனும் மங்கும். வருடா வருடம் பிப்ரவரியில் கழுவ ஆளும் தண்ணியும் வேண்டும்.

சுண்ணாம்பு அடித்தால் சல்லிசாக முடிந்துவிடும்; ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டுவதே பெரிது. கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்பது சில வருடம் நிற்கும். மூன்று அறைக்கு, இருபதுக்கு இருபது என்று வைத்தால் 1,200 சதுர அடி. ஒழுகல் இல்லாத கூரைக்குப் பெயின்ட்டும் கூலியும் சில பத்தாயிரங்களில் அடங்கும். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மானியமே பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000-லிருந்து 1 லட்சம் வரைதான். அதுவும் சாக்பீஸிலிருந்து குழாய் ரிப்பேர் வரை எல்லாவற்றுக்கும். எனவே முழுப் பணத்தையும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் ஒருவர்கூட மேலே ஏறக் கூடாது. நிறையப் பள்ளிகளில் கைப்பிடிச் சுவரே இல்லை. அளப்பது எல்லாம் அறைக்குள் நின்று, சீலிங்கைப் பார்த்து. சுண்ணாம்பு நீற்றுவதை வேடிக்கை பார்க்கக்கூடக் கிட்டே விட வேண்டாம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டுவதும் துளை போடுவதும் கூடாது. அதன் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்துவிடும். பலகை போட்டு வேலை செய்யத் தெரிந்த பெயின்டர் வேண்டும்.

"எதுக்குங்க பெயின்ட்டு, மேல நாலு தென்னங்கீத்தப் போட்டா ஜில்லுனு இருக்குமே" என்று ஊரில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீத்துக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். பள்ளியில் கீத்துக்கு இடமே கிடையாது. பச்சை ஷேட் நெட்டும் எரியக்கூடியதுதான்.

எப்போது கூரை வேண்டாம்? இடிக்க வேண்டிய பட்டியலில் அந்தக் கட்டடம் இருந்தால். மேலே இன்னொரு மாடி கட்டப் போகிறார்கள் என்றால். ஏற்கெனவே கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால். ரெண்டு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தள அறைகளுக்கும் இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. அங்கே மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு சன்ஷேடு போட்டுத் தரச் சொல்வது நல்லது.

## சோலார் பேனல்

பணம் கிடைப்பதில் சோலாருக்கு ஈடு இல்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். திருப்பூர், கோவை, பெருந்துறை சிப்காட் பக்கம் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. பேனல் வைத்தால் பளபளவென்று தெரியும், கீழே கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். வெள்ளை அடித்த கூரையைக் கீழே நின்று யாரும் பார்க்க முடியாது! கொடையாளர் மனசு அப்படித்தான். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து அறைப் பள்ளி, அறைக்கு நாலு ஃபேன், ஃபேனுக்கு 75 வாட். மொத்தம் 3 கிலோவாட்; ஆறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 18 யூனிட். இதற்கு 5 கிலோவாட் சோலார் வைத்தால் நம் வெயிலுக்கு நாளைக்கு சராசரியாக 20 யூனிட் வரும், செலவு இரண்டரை மூன்று லட்சம். அந்த நாற்பது ஃபேனையும் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 18 யூனிட் 7 யூனிட்டாக இறங்கிவிடும். ஃபேன் ஒன்று மூவாயிரத்தை ஒட்டி என்றால் 1,20,000 ரூபாய். அதற்கப்புறம் 2 கிலோவாட் பேனலே போதும். ஃபேனை மாற்றாமல் பேனலைக் கேட்பது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வாங்குவது மாதிரி.

இன்னொன்றைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. மின்வாரிய லைனோடு இணைத்த பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் மத்தியானத்தில் கரண்ட் போகும்போது மேலே பேனல் மின்னிக்கொண்டிருக்கும், கீழே ஃபேன் சுத்தாது. பேட்டரி வைத்தால் ஓடும். ஆனால் அந்தப் பேட்டரியைச் சில வருடங்களில் மாற்ற வேண்டும், அப்போது கொடையாளர் இருக்க மாட்டார்.

நல்ல வெயில் அடிக்கும் மே மாதத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கும். சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு விடுமுறையும் அப்படித்தான். அந்த மின்சாரம் லைனுக்குப் போய்க் கணக்கில் வர வேண்டும் என்றால் பள்ளியின் கட்டண வகைக்கு எந்த மீட்டர் முறை என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வீடுகளுக்கான பி.எம். சூர்ய கர் மானியத்தைப் பள்ளிக்கு வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் திட்டம் வீட்டு இணைப்புக்கு மட்டும்.

சோலாருக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாண்டை ஆளுயரத்துக்குத் தூக்கிப் போட்டால் பேனலே ஸ்லாப்புக்கு நிழலாகிவிடும், அறைச் சூடும் குறையும். ஸ்டாண்டு போல்ட்டுக்காகத் துளையிடும் இடத்தில் நீர்க்கசிவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் லேப், ஸ்மார்ட் கிளாஸ், போர்வெல் மோட்டார் எல்லாம் உள்ள பெரிய மேல்நிலைப் பள்ளி, நல்ல மேல்தளம், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வரும் நிறுவனம், இந்த மூன்றும் அமைந்தால் சோலாரை முதலில் கேளுங்கள். கோபிப் பக்கம் ஒரு குழுவுக்கு ஒரு நிறுவனமே முன்வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாதிப் பணத்துக்கு ஃபேன், மீதிக்குச் சின்னப் பேனல் என்று கேட்டுப் பாருங்கள்.

## மரம்

மரம் நடுவதை யாரும் மறுக்க மாட்டார்கள். அதுதான் இதன் பலம், அதுவேதான் பலவீனம். ஜூன் 5 வந்தால் நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், தை மாதம் குழி மட்டும் இருக்கும். காம்பவுண்டு சுவர் இல்லாத பள்ளியில் ஆடு முதல் வாரமே வந்துவிடும்.

நிழல் கணக்கு என்று பார்த்தால், வேம்போ புங்கனோ கூரை மேல் நிழல் விழுமளவுக்கு வளர ஆறேழு வருடமாவது ஆகும். நட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் அதற்குள் பொண்ணு பார்க்கும் வயசுக்கு வந்துவிடுவான். மத்தியான வெயில் மேற்கிலிருந்து வருவதால் மேற்குப் பக்கம் நடுங்கள், சுவரை விட்டுப் பதினைந்து இருபது அடி தள்ளி. அரசும் ஆலும் கட்டடத்துக்குப் பக்கத்தில் கூடாது. பூவரசு போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் சீக்கிரம் வரும். வேலிக்குக் கிளுவைப் போத்து. நம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் முழுக்க அதுதானே வேலி, ஆடும் சுலபத்தில் தாண்டாது.

தண்ணிக்கு ஒரு வழி இருக்கிறது. சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாயிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் மேற்கு வரிசை மரங்களுக்குத் தினமும் தண்ணி போய்விடும். யாரும் குடம் தூக்க வேண்டியதில்லை, லீவு நாளைத் தவிர.

மியாவாக்கி குறுங்காடு இப்போது பேஷனாகிவிட்டது. அடர்த்தியாக நட்டு இரண்டு மூன்று வருடம் விடாமல் தண்ணி விட்டால் வேகமாக வளரும், உண்மைதான். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் மழையும் தண்ணியும் உண்டு, செய்யலாம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வறட்டு நிலம் வேறு. கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேலும் நிற்கிற மேய்ச்சல் காடு அது. அங்கே போர்வெல் தண்ணியில் அடர்காடு வளர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. 'பாம்பு வருது' என்று பெற்றோர் வந்து நின்றால் தலைமையாசிரியர் ஜே.சி.பி.யைக் கூப்பிட்டுவிடுவார், அதுவும் நடக்கும்.

திருப்பூர் வட்டாரத்தில் 'வனத்துக்குள் திருப்பூர்' 2015-லிருந்து மரம் வளர்த்து வருகிறது. அப்படி நட்ட பிறகும் பார்த்துக்கொள்கிற அமைப்பு உங்கள் ஊருக்கு எட்டுமென்றால் மரம் நல்ல தேர்வு. பள்ளிக்குப் பெரிய மைதானம், சுவர், அக்கறையுள்ள ஒரு ஆயா அல்லது வாட்ச்மேன் இருந்தாலும் சரி. இல்லையென்றால் கூரையை முடித்துவிட்டு வாருங்கள்.

மழைநீர் சேமிப்பைத் தனியாகச் சேர்க்கவில்லை; அது கோரிக்கையே அல்ல, தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் அறுந்து தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போகச் சுமார் 45,000 லிட்டர்.

## காலநிலைக்கு ஒரு பாடவேளை

'பாடத்தில் இல்லை' என்று மனுவில் எழுதாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்லிவிட்டது. அறிவியலிலும் புவியியலிலும் பாடம் சிதறிக் கிடக்கிறது. தேசியப் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் எல்லாம் பல பள்ளிகளில் பதிவேட்டில் உயிரோடு இருக்கின்றன. இல்லாதது நேரமும், நம் ஊர்ச் சங்கதியும்.

புதுப்பாடம், புதுப்புத்தகம் என்று கேட்டால் அது சென்னையில் முடிவாக வேண்டிய காரியம். உங்கள் ஒரு வருடம் அதில் கரைந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு பாடவேளை, மன்றத்தின் பேரில், என்று கேட்டால் தலைமையாசிரியர் கையெழுத்தே போதும். காசும் ஆகாது. ஆனால் விலை வேறு விதத்தில் இருக்கிறது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதற்கே நேரம் போதாத ஆசிரியர் "இன்னொரு ரிஜிஸ்டரா, தம்பி?" என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. பாடத்தை யார் எடுப்பது, ஆசிரியர் வராத நாளில் யார் நிற்பது என்று எழுதிக்கொண்டு போனால்தான் பேச்சு நகரும்.

உள்ளூர்ச் சங்கதி நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. நொய்யல் ஆற்றையும் 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். உடுமலை, பல்லடம் பிள்ளைகளுக்குச் சன்னலைத் திறந்தால் காற்றாலை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏன் இப்படி அடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அவிநாசிப் பக்கம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், 1,045 குளம் குட்டைகள். உங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணி வந்ததா என்று போய்ப் பார்த்து எழுதச் சொன்னாலே அது பாடம்.

யாருக்கு இது முதல் தேர்வு? கட்டடத்தில் குறையில்லாத, பல அறைகளில் ஏ.சி.கூட இருக்கிற தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் கூரைக்கு மனு கொடுத்து என்ன செய்வது? அங்கே பற்றாக்குறை நேரம்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டை ரெண்டு வருடம் நடத்தும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. காலியான அந்த இடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் போர்ஷன் வந்து உட்காரும் முன்பு நீங்கள் ஒரு பாடவேளை கேட்டுவிடுங்கள், பெற்றோர் கூட்டத்தின் வழியாக.

## ஒரே பார்வையில்

| | வெள்ளைக் கூரை | சோலார் | மரம் | பாடவேளை |
|---|---|---|---|---|
| மத்தியானச் சூடு | அந்தக் கோடையிலேயே குறையும் | தூக்கிக் கட்டினால் மட்டும் | ஆறேழு வருடம் கழித்து | மாறாது |
| கையெழுத்து | ஒன்றியம் அல்லது பொதுப்பணித் துறை | அவர்களோடு மின்வாரியமும் | தலைமையாசிரியர், ஊராட்சி | தலைமையாசிரியர் |
| முதல் செலவு | சில பத்தாயிரம் | சில லட்சம் | மிகக் குறைவு | இல்லை |
| பிந்தைய செலவு | வருடம் ஒரு கழுவல், சில வருடத்தில் மறுபூச்சு | துடைப்பு, பேட்டரி, இன்வெர்ட்டர் | தண்ணி, வேலி, காவல் | ஆசிரியர் நேரம் |
| ஆள் மாறினால் | நிற்கும் | ரிப்பேர் வரும்வரை நிற்கும் | முதல் மூன்று வருடம் சந்தேகம் | பெரும்பாலும் நிற்காது |
| கற்பதற்கு | நிறைய | மீட்டர் பார்க்க விட்டால் உண்டு | உண்டு | ஆசிரியரைப் பொறுத்து |

ஷீட் அல்லது கான்கிரீட் கூரையுள்ள அரசுப் பள்ளி என்றால் என் ஓட்டு கூரைக்கு. அந்த வெப்பமானி நோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வருடம் பாடவேளை கேட்கலாம், நோட்டே சாட்சி சொல்லும். தலைகீழாக, பாடவேளையிலிருந்து கூரைக்குப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

## மனு போகும் வழி

பள்ளி மேலாண்மைக் குழுவில் தொடங்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கே தீர்மானம் ஆனால் அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. பதினெட்டு வயது நிரம்பிய அக்கா அண்ணன்மார் பேசட்டும். சின்னவர்கள் அளந்த தாளை வாசித்துக் காட்டட்டும். நகரப் பகுதி என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். பணத்துக்கு, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடையாளர் எந்தப் பள்ளிக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். உங்கள் குழுவின் பேரில் யாரிடமும் ரொக்கம் வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட.

'போராட்டம்' என்ற சொல்லைப் போஸ்டரில் போட்டால் ஆசிரியர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்கள் அரசு ஊழியர்கள். பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் போடாதீர்கள்.

மனு ஒரு பக்கம் போதும். எந்தக் கட்டடம், எந்த வருடம் கட்டியது, எத்தனை சதுர அடி, ரெண்டரை மணிக்கு எத்தனை டிகிரி, ரெண்டு இடத்தில் வாங்கிய கொட்டேஷன். ஜூலையில் அளக்கத் தொடங்கினால் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கையில் தாள் இருக்கும். ஆனால் ஜூலையில் வரும் எண்ணைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள், காற்றுக் காலம் அது. போன ஏப்ரல் எண் இல்லாத குழுக்கள் செப்டம்பர் வெயிலை விட்டுவிடக் கூடாது. ஒன்றியத்தில் எஸ்டிமேட் போட்டு அனுமதி வர தை பிறந்துவிடும். பெயின்ட் வேலையைப் பிப்ரவரிக்குள் முடியுங்கள். பொதுத்தேர்வு மையமாக இருக்கும் பள்ளி என்றால் மார்ச்சில் பெயின்டரை கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.